முதுகோடு முதுகு கட்டிய டிராக்டர்கள்

இப்போது டிராக்டர் இழுவைப் போட்டி என்றால் இரண்டு வண்டிகளைப் பின்பக்கமாகச் சேர்த்து நடுவில் சங்கிலி போட்டுக் கட்டுகிறார்கள். ஒன்று கிழக்கே பார்த்து நிற்கும், இன்னொன்று மேற்கே பார்த்து நிற்கும். கொடி விழுந்ததும் இரண்டும் உறுமும். முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். எந்த வண்டி மற்றதை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறதோ அது ஜெயித்தது. ஓட்டுகிற இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. எனக்கு அதுதான் முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

நான் அம்பகரத்தூர் பக்கத்தில் இருக்கிற இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது மொத்தமே மூன்று டிராக்டர்கள்தான். என் வீட்டுக்காரர் பண்ணை டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் வந்து, சேறடித்து, பரம்பு ஓட்டி வயலைச் சமப்படுத்தும் வேலை முடிகிற கடைசி நாளில் போட்டி வைப்பார்கள். மூன்று பனந்துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, அதை டிராக்டருக்குப் பின்னால் பரம்பு மாதிரி மாட்டுவார்கள். அதன்மேல் ஏற்றுகிற சுமை நாங்கள்தான். வண்டி சேற்றில் போகப் போக வரப்பில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக இறங்கி ஓடிவந்து கட்டைமேல் ஏறுவார்கள். நாற்று நடுகிற பொம்பளைகள், கூலியாட்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், யாராக இருந்தாலும் சரி. எவர் வண்டி அதிகம் பேரைச் சுமந்துகொண்டு அதிக தூரம் போகிறதோ அவருக்கு ஒரு துண்டும் ஒரு வாழைத்தாரும்.

எனக்கு நாலு பேர் பார்க்க நடக்கவே கூசும். அதனாலேயே என்னை விட மாட்டார்கள். கையைப் பிடித்து இழுத்துக் கட்டையில் ஏற்றுவார்கள். ஏறியதும் வண்டி ஒரு திணறல் திணறும்.

“பாத்தியளா, பொண்டாட்டி ஏறுனதும் வண்டி மூச்சு வாங்குது! வூட்டுல என்னத்தடி திங்கிற?”

“அட, அவ ஏறுனா வண்டி நிக்காது, ஓட்டுறவருக்குத்தான் காலு நடுங்கும்!”

அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் அவர் சிரிப்பது பிடரியிலேயே எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நாலு பேர் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தது அந்தச் சேற்றில் மட்டும்தான். கட்டைமேல் நிற்கிற யார் “போதும்” என்று கத்தினாலும், அது சின்னப் பிள்ளையானாலும், வண்டியை உடனே நிறுத்திவிட வேண்டும். அதுதான் சட்டம்.

அந்தக் காலம் ரொம்ப நல்லது என்று சொல்ல வரவில்லை. ஒரு வருஷம் என்னோடு நடவு நட்ட ஒருத்தியின் கால் கட்டைக்கு அடியில் போய் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. அதற்கு மறு வருஷம் ஆட்களை ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தார்கள். டிப்பரில் ஈரமணல் மூட்டை அடுக்கி, காய்ந்த வயலில் இழுக்கவிட்டு, டேப் வைத்து அளந்தார்கள். நாங்கள் வரப்போடு நின்றுகொண்டோம். எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா ஜெயித்தால் எவர்சில்வர் குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

பண்ணைக்காரர் நிலத்தை விற்றுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனபோது அந்த டிராக்டரை என் வீட்டுக்காரரே வாங்கினார். பிறகு ஒரு கார்த்திகை மழையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார். மூத்தவன் புது வண்டி எடுத்தான். இளையவன் அப்பா வண்டியை வைத்துக்கொண்டான். இரண்டு பேரும் வாடகை உழவுக்குப் போனார்கள். மூத்தவனுக்குக் கல்யாணமும் ஆனது. நான் கும்பிடப் போகும்போதெல்லாம் அம்மனிடம் ஒன்றுதான் கேட்டேன். இந்த வீட்டில் ஒரே அடுப்பு எரிய வேண்டும், என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே பானையில் சாப்பிட வேண்டும்.

அதற்கப்புறம்தான் இந்தச் சங்கிலிப் போட்டி வந்தது. தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்து இளவட்டங்கள், இங்கே விலை குறைவு என்று டீசல் போட நம் பக்கம் வண்டியோடு வருவார்கள். வந்த இடத்தில் சவால் விட்டார்கள். மறு வருஷமே பந்தல், மைக், பாட்டுப்பெட்டி எல்லாம் வந்துவிட்டது. வண்டிகளும் மாறின. சைலன்சரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் வைத்தார்கள். முன்னால் இரும்புப் பாளம் தொங்கவிட்டார்கள். பின் டயரில் தண்ணீர் நிரப்பினார்கள். உழுகிற வண்டியா, சண்டை போடுகிற கடாவா என்று தெரியாது. வயலைச் சுற்றி நிற்கிறவர்கள் கண்ணால் பார்ப்பதில்லை, போனைத்தான் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் தனித்தனியாக நிறைய ஜெயித்தார்கள். ஒரு மாசியில் போட்டி நடத்துகிறவர்கள் அவர்களையே ஜோடி போட்டுவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் பேனர் கட்டினார்கள்: அண்ணனா, தம்பியா?

போட்டியன்று காலையில் அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசியதை நான் இட்லி ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

“போவலேன்னா பயந்துட்டானுவன்னு சொல்லுவானுவடா” என்றான் மூத்தவன்.

“போவோம்ண்ணே. ஆனா அப்பா வண்டிய ஒடச்சிப்புடாத.”

“எங்கேந்து ஒடைக்கிறது? அது நகந்தாத்தானே? கோயில் தேரு மாரி நிக்கும்.”

“அப்ப ஒண்ணு செய்வோம். ரெண்டும் நகராம நின்னா நடுவரு விசில் அடிப்பாருல்ல? விசில் அடிச்சதும் ரெண்டு பேரும் கிளட்ச மிதிச்சிட்டு எறங்கிருவோம். சமம்னு சொல்லிட்டு வந்துருவோம்.”

மூத்தவன் பெண்டாட்டி சிரித்தாள். “அண்ணனும் தம்பியும் சேந்து ஊர ஏமாத்தப் போறீங்களா?”

“ஊருதான எங்க ரெண்டு பேரையும் அடிச்சிக்கச் சொல்லுது” என்று சொல்லிவிட்டு மூத்தவன் தன் தட்டில் இருந்த இட்லியில் ஒன்றை எடுத்துத் தம்பி தட்டில் வைத்தான். எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது.

நான் போட்டி பார்க்கப் போகிறவள் இல்லை. அன்றைக்கு, சமம் என்று வரப்போகிறதே என்ற தைரியத்தில் போனேன். பொம்பளைகளுக்குப் பின்னால் தலையில் முந்தானை போட்டுக்கொண்டு நின்றேன். கொடி விழுந்தது. கரும்புகையில் ஒன்றும் தெரியவில்லை. காலடியில் தரை அதிர்ந்தது. புகை விலகியபோது இரண்டு வண்டிகளும் நின்ற இடத்திலேயே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தன. பழைய வண்டி இந்தப் புது வண்டிக்கு ஈடுகொடுக்கிறதே என்று ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். நடுவர் விசில் அடித்தார்.

இளையவன் கிளட்சை மிதித்தான். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மேலே தூக்கிச் சிரித்தான்.

மூத்தவன் வண்டி நிற்கவில்லை. பிடி விட்டுப்போன வண்டியைச் சங்கிலியோடு இழுத்துக்கொண்டு போனது. இளையவன் உட்கார்ந்தபடியே பின்னோக்கிப் போனான். முதலில் அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது, விளையாட்டு என்று நினைத்திருப்பான். கோடும் தாண்டியது. “தம்பியத் தரதரன்னு இழுத்துட்டுப் போறாருய்யா அண்ணன்!” என்று மைக்கில் கத்தினார்கள். நான் “போதும், போதும்” என்று கத்தினேன். ஆயுசில் நான் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்தில் நின்றவளுக்குக்கூட அது கேட்கவில்லை. இளையவன் வண்டி பின்பக்கமாகவே வரப்பு ஏறி, முன்சக்கரம் மடங்கி, வாய்க்காலில் சரிந்தது. முன் அச்சு முறிந்துவிட்டது.

இளையவனுக்கு முழங்காலில்தான் காயம். எழுந்து வந்து தானே சங்கிலியைக் கழற்றினான். அதற்குள் அங்கே மூத்தவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். இளையவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே ரோட்டுக்குப் போனான். அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. திருமலைராயன்பட்டினத்தில் சிநேகிதன் வீட்டில் தங்கி, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறான் என்று பிறகு தெரிந்தது.

கேட்டவர்களிடமெல்லாம் மூத்தவன், “அந்தச் சத்தத்துல விசில் காதுல வுழல” என்றான். நானும் அதையே நம்பிக்கொண்டேன். ஒருநாள் நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான்.

“விசில் கேட்டுச்சும்மா” என்றான். “நிறுத்தத்தான் பாத்தேன். அவன் வண்டி நகந்துச்சு. நகந்ததும் எல்லாரும் கத்துனாங்க பாரு... எனக்குக் காலு வரலம்மா.”

வாளியைக் கீழே வைத்தேன். அழுதான், முதுகைத் தடவிவிட்டேன்.

வாய்க்காலிலிருந்து தூக்கிவந்த வண்டி கொல்லையில் மூக்கைத் தரையில் குத்தியபடி நிற்கிறது. அந்தப் போட்டியை எல்லாரும் போனில் வைத்திருக்கிறார்கள். பாட்டெல்லாம் சேர்த்துவிட்டார்கள். காரைக்கால் போகிற பஸ்ஸில் எவனோ பார்த்துக்கொண்டு வந்தான், “தரதரன்னு” என்ற அந்த மைக் குரல் என் காதில் விழுந்தது. இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கி நடந்தேன்.

போன மாசம் ஒரு மத்தியானம் இளையவன் வந்தான். அண்ணன் உழவுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து வந்திருக்கிறான். நகக்கண்ணெல்லாம் கரி. துணிமணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தான். பிறகு என் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தான்.

“ஒரு விஷயம் மட்டும் சொல்லும்மா. அண்ணனுக்கு விசில் கேட்டுச்சா? ஒங்கிட்ட அவன் பொய் சொல்ல மாட்டான்.”

கேட்கவில்லை என்று நான் சொல்லியிருந்தால் போதும். பையை அங்கேயே வைத்திருப்பான். சாயங்காலம் அண்ணன் வந்ததும் இரண்டு பேரும் ஏதாவது பேசியிருப்பார்கள். கேட்டது என்று சொன்னால் இந்த வாசலை மிதிக்க மாட்டான். ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் நினைத்தேன். நாக்கு எந்தப் பக்கமும் புரளவில்லை.

“மடவை மீன் கொழம்பு வச்சிருக்கேன். சாப்புடுப்பா” என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். “சரிம்மா” என்றான்.

சோறு போட்டேன். முள் எடுத்துக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றான். எல்லாவற்றையும் சாப்பிட்டான். எழுந்தவன் தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். இந்த வீட்டில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருநாளும் சாப்பிட்ட தட்டைத் தூக்கியது கிடையாது. அவன் சோப்புப் போட்டுத் தேய்த்து, இரண்டு தண்ணீர் விட்டு அலசி, அடுத்தவர் வீட்டில் செய்வது போல ஓசைப்படாமல் கவிழ்த்து வைத்தான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். போகிறேன் என்று சொல்லக் கூடாது என்று சின்ன வயதில் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

“வர்றேம்மா” என்றுதான் சொன்னான்.