சக்கரமில்லாத காரும் என் இடது கன்னமும்

காலைத் தேநீர் சட்டையில் இறங்கியபோது குற்றத்தை டம்ளர்மேல் போட்டேன். இரண்டாவது டம்ளரும் அதையே செய்தது. வாய் கொப்பளித்தால், நான் அனுப்பாத திசையில் தண்ணீர் பாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தின் இடது பாதி எனக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு என்று நம்புகிறவன். முகம் கோணினால் என்ன நடைமுறை என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மனைவி சரோஜா டாக்சியை வாசலுக்கு வரவழைத்துவிட்டாள். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் அவளைப் பின்பற்றுங்கள், என்னையல்ல. அது பக்கவாதமா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்தான்.

குன்னூர் மருத்துவமனையில் டாக்டர், “நெத்தியச் சுருக்குங்க” என்றார். வலது பாதி சுருங்கியது. இடது பாதி விடுப்பில் இருந்தது.

“நல்லதுங்க” என்றார்.

ஒன்றைச் செய்ய முடியாமல் போனதற்காக என்னை யாரும் பாராட்டியது அதுவே முதல்முறை. மூளையில் பாதிப்பு என்றால் பெரும்பாலும் நெற்றி மட்டும் தப்பிவிடுமாம். நெற்றியும் அசையாததால் இது முகவாதமாக இருக்கலாம் (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது) என்றார். கைகால்களைத் தட்டிப் பார்த்து, சோதனைகள் செய்து உறுதிப்படுத்தினார்.

ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கத்தை அடக்குவது) தந்தார்கள். இடது கண் மூடாததால் அது காயாமலிருக்கச் சொட்டு மருந்து. தூங்கும்போது இமையின் மேல் பிளாஸ்திரி. கண்ணீருக்கே மருந்துக்கடைக்குப் போகும் நிலை. நாக்கின் இடது பாதியிலும் ருசி இல்லை. அந்த வருடத்துத் தேயிலையைப் பொறுத்தவரை அது பெரிய நஷ்டமல்ல.

“மூணு மாசத்துக்குள்ள அசைவு தெரியோணுங்க. தெரியலீன்னா முழுசாத் திரும்பறது கொஞ்சம் சந்தேகம்” என்றார் டாக்டர்.

தேயிலை விலை படுத்திருந்த காலம் அது. பச்சை இலை பறிக்கும் கூலிக்குக்கூட இலையின் விலை காணாது. எந்த மனுவை எங்கே கொடுப்பது என்று கேட்க, ஓய்வுக்குப் பிறகும் சிறு விவசாயிகள் என்னிடம் வருவார்கள். மாரப்பன் வந்தார். தோட்டத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்கே போய்விடலாமா என்று கேட்டார். நான் துயரத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நல்ல பக்கம் கெட்ட பக்கத்தை இழுத்ததில், வாயின் வலது ஓரம் மேலேறி நின்றது. பார்ப்பவருக்கு அது விஷயம் தெரிந்தவனின் புன்னகை.

மாரப்பன் பஸ் நிறுத்தத்தில் சொல்லியிருக்கிறார்: “மேனேஜர் சிரிக்கறாருங்க. வெல ஏறப்போவுது.”

மறுநாள் ஒரு கூட்டமே வந்தது. எனக்கு எதுவும் தெரியாது, இது வியாதி என்றேன். நான் அழுத்திச் சொல்லச் சொல்ல வாய் இன்னும் மேலேறியது.

“சரிங்க சார். வெளிய சொல்லக் கூடாதுன்னு இருக்குமுங்க. எங்களுக்குப் புரியுதுங்க.”

தோட்டத்துக்கு முன்பணம் வாங்கவிருந்த மாரப்பன் விற்கும் பேச்சையே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பயம் வந்தது. என் கன்னத்தை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கிறது. முகம் திரும்பும்வரை யாரையும் பார்ப்பதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

கண்ணாடி முன் பயிற்சிகளை ஒன்று விடாமல் செய்தேன். புருவத்தைத் தூக்குவது, பல்லைக் காட்டுவது, கன்னத்தை உப்புவது. இரண்டு மாதம் தாண்டியும் இடது பக்கம் ஒத்துழைக்கவில்லை. விதிப்படி நடப்பவனுக்கு விதிப்படி பலன் கிடைக்காதபோது வரும் எரிச்சல் முழுவதும் சரோஜாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் அவள் தம்பி வேலுச்சாமி அருவங்காட்டிலிருந்து ஒரு விசிடியோடு வந்தான். தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுப் படம்.

“மாமா, ரெண்டு கஞ்சாக் குடிக்கிங்க கதைங்க. மூளைய கழட்டி வெச்சிட்டுப் பாக்கோணும்.”

“உனக்கு அந்தச் சிரமம் இல்லை” என்றேன். பாதி வாயால் சொன்னதால் முழுதாகப் புண்படுத்த முடியவில்லை. அவன் சிரித்துக்கொண்டே படத்தைப் போட்டான்.

கதை இதுதான். இரண்டு நண்பர்கள் இன்னொரு நண்பனின் கல்யாணத்துக்குக் காரில் கிளம்புகிறார்கள். கார், மெக்கானிக் கொட்டகையில் கற்களின் மேல் நிற்கிறது. சக்கரங்கள் இல்லை. இருவருக்கும் அது தெரியவில்லை. ஊர் ஊராகப் போகிறார்கள். வளைவு வந்தால் ஒருவன் வாயாலேயே ஹாரன் அடிக்கிறான். வழியில் தேநீர் குடிக்க இறங்கினால் எதிரே அவர்கள் தெருவின் அதே கடை.

“அண்ணே, எங்க ஊர்லயும் உங்கள மாதிரியே ஒருத்தர் இருக்காரு. தங்கமான மனுசன்” என்கிறான் ஒருவன்.

“அவரக் கேட்டதாச் சொல்லு” என்கிறார் கடைக்காரர்.

மட்டமான படம்தான். ஆனால் ஒருவன் தூங்கிப்போனதும் மற்றவன், அவன் விழித்துவிடக் கூடாதென்று, பள்ளங்களில் மெதுவாக ஓட்டினான். நகராத காரில், இல்லாத பள்ளங்களில். மலைப்பாதை ஜீப்களில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். எனக்காக ஒருவரும் அப்படி ஓட்டியதில்லை. நெகிழ்ந்துவிட்டதை மறைக்க வேண்டியிருந்தது.

“இவன்கிட்ட லைசென்ஸ் இருக்கா?” என்றேன்.

வேலுச்சாமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “வண்டிக்குச் சக்கரமே இல்லீங்க மாமா.”

சிரித்தேன். முன்னறிவிப்பின்றி, வயிறு வலிக்க, இருமல் வரும்வரை. பூண்டு உரித்துக்கொண்டிருந்த சரோஜா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“ஏனுங்க, இன்னொருக்காச் சிரியுங்க!”

“ஏன்?”

“எடது கன்னம் அசைஞ்சுதுங்க. நான் பாத்தேன்.”

படத்தால் நரம்பு வளரவில்லை. அது தன் வேகத்தில் வளர்ந்து, அன்று தற்செயலாக வெளியே தெரிந்தது. டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆகவே யாரும் மாத்திரையை நிறுத்திவிட்டுப் படம் பார்க்க வேண்டாம். இரண்டையும் செய்யலாம்.

முகம் மெல்லத் திரும்பியது. மாரப்பனை நானே போய்ப் பார்த்து, துக்கத்தைத் துக்கமாகக் காட்டும் முகத்தோடு, எனக்கு எந்த ரகசியமும் தெரியாது என்றேன். அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “மூஞ்சி நேராயிருச்சுங்களே சார். அப்ப வெல ஏறாதுங்களா?” ஏறாது என்று நினைக்கிறேன் என்றேன். அவர் தலையசைத்தார். பாதித் தோட்டத்தை மட்டும் விற்றுவிட்டு இங்கேயே இருந்துவிட்டார்.

முழுவதும் பழையபடி ஆகவில்லை. சிரித்தால் இடது கண்ணும் சேர்ந்து சுருங்குகிறது (வளரும் நரம்பு வழிதவறிப் பக்கத்துத் தசைக்கும் போய்விடுவதால்). இடது கன்னம் ஒரு கணம் பிந்தித்தான் வருகிறது. முன்பெல்லாம் சிரிப்பு வந்ததும் போய்விடும். இப்போது வலது பக்கம் முடியும் நேரத்தில் இடது பக்கம் தொடங்குகிறது. அந்த இடைவெளியில், எதற்காகச் சிரிக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள முடிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வேலுச்சாமி இன்னொரு மட்டமான படத்தோடு வந்தான். சரோஜாவும் வந்து உட்கார்ந்தாள். என் முதல் சிரிப்பிலேயே அவன் படத்தை நிறுத்தினான்.

“ஏன்டா நிறுத்தற?”

“இருங்க மாமா. அந்தப் பக்கம் வந்து சேரட்டும்.”

திரையில் ஒருவன் திறந்த வாயோடு நின்றான். நாங்கள் மூவரும் என் இடது கன்னத்துக்காகக் காத்திருந்தோம்.