டெஸ்டர் வைத்த இளஞ்சூடு

அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, டெஸ்டர்தான். விருந்துக்குப் போனாலும் சட்டைப்பையிலிருந்து கரண்ட் சோதிக்கும் அந்த டெஸ்டர் எட்டிப் பார்க்கும். மாமனார் வீட்டுப் படியேறியதும் கண் ஸ்விட்ச் போர்டுக்குத்தான் போகும், மாமனார் அப்புறம். வீட்டு வயரிங்கில் அவர் கை பட்ட இடத்தில் குறை சொல்ல முடியாது. சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

மனைவி வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில், துணி உலர்த்தும் அறைக்கு மூன்று புது ஹீட்டர் வந்து இறங்கின. கம்பெனி ஆள் வர நாளாகும் என்றதும், "எங்க வீட்டுக்காரரே போட்டுடுவாரும்மா" என்று அவள் முதலாளியம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். மேற்பார்வையாளர் இடம் காலியாக இருந்த நேரம். வேலை பிசகினால் அந்த நாற்காலியும் அவளுக்குக் கைநழுவும்.

அவர் மெயினை அணைத்தார். ஒன்றுக்கு இரண்டு தடவை சோதித்தார். தலைவாரி விட்டதுபோல் கம்பிகளைப் பெட்டிக்குள் படியவைத்தார். ஹீட்டருக்குக் கரண்ட் வரும் பேஸ் கம்பி ஒன்று, நியூட்ரல் கம்பி ஒன்று. வீடுகளில் அப்படித்தான், பழகிய கை தானாகப் போனது. ஸ்விட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. விடுதியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் கொடியில் தொங்கின. தொங்கிக்கொண்டே இருந்தன.

அவள் கையை நீட்டிப் பார்த்தாள். "ஏங்க, இது சுடுதா, சும்மா நலம் விசாரிக்குதா?"

"புதுசு. சூடு பிடிக்க நேரமாகும்."

"மடியில பூனை படுத்தாக்கூட இதைவிடச் சூடா இருக்கும்."

"கரண்ட்டு கம்மியா வருது. நான் என்ன பண்ண?"

கரண்ட்டின் மேல் பழி போடுவது அவருக்கு வசதி. அது திருப்பிப் பேசாது.

அவள் குனிந்து ஹீட்டரின் முதுகில் இருந்த தகட்டைப் படித்தாள். "நானூறு வோல்ட்டுன்னு போட்டிருக்கே. நீங்க எவ்வளவு குடுத்திருக்கீங்க?"

அவருக்குக் கழுத்தில் வேர்த்தது. அந்த அறையில் ஹீட்டரால் ஆகாத காரியம் அது. இரண்டு பேஸுக்கு நடுவே கொடுத்தால்தான் நானூறு. அவர் கொடுத்தது அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். சூடோ மூன்றில் ஒரு பங்குதான்.

அந்த நேரம் பார்த்து முதலாளியம்மா வந்து நின்றார். "என்னம்மா, இன்னும் ஈரமாவே இருக்கு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "புது ஹீட்டருக்குள்ள ஈரம் ஏறியிருக்கும்மா. முதல்ல கொஞ்ச நேரம் இப்படி இளஞ்சூட்டுல வெச்சுட்டு, அப்புறம்தான் முழுசா குடுக்கணும். ஆயுசு கூடும்."

அதில் பொய் இல்லை. தெரிந்தேதான் அப்படி வைத்தார் என்று காட்டிக்கொண்டதில்தான் பொய் இருந்தது.

மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள், காட்டிக்கொடுக்கவில்லை. அவர் மறுபடி மெயினை அணைத்து இணைப்பை மாற்றினார். மதியத்துக்குள் விரிப்புகள் மொடமொடவென்று காய்ந்தன. முதலாளியம்மா ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாளையிலேர்ந்து நீதான் மேற்பார்வை" என்றார் அவளிடம். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு அக்கறையா யாரு செய்யறாங்க? ஆயுசு கூடும்னா விட்டுடலாமா? இங்க ஞாயித்துக்கிழமை லீவு, ஈரக்காத்து வேற. வாராவாரம் திங்கக்கிழமை விடியறப்பவே வந்து, அந்த இளஞ்சூட்டை வெச்சு மாத்திக் குடுத்துட்டுப் போயிடுங்க."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், காப்பாற்று என்பதுபோல்.

"வந்துடுவாரும்மா," என்றாள் புது மேற்பார்வையாளர். "இவர் முதல் பஸ்ஸுல வந்துடட்டும். நான் நிதானமா வரேன்."