வயல் நிறைந்தால் ஏன் ஓடுகிறார்கள்

இயந்திரத்திலிருந்து சூடாக வரும் காகிதத்தின் வாசனை எனக்கு ஆகாது. போன செவ்வாய்க்கிழமை ரங்கூன் பசுந்தாங்கில் பாயின் போட்டோகாப்பி கடையில் அது மூக்கில் ஏறியதும் வெளியே வந்துவிட்டேன். வெளியே வெயில். மறுபடி உள்ளே. எனக்கு ஒரே இடத்தில் நிற்கவும் வராது, உட்காரவும் வராது. நாலு தடவை இப்படிப் போய் வந்ததும் பாயே கேட்டுவிட்டார்.

"என்னம்மா, பரீட்சை உங்களுக்கா, புள்ளைக்கா?"

பரீட்சை சூசூவுக்கு. என் தோழி கல்யாணியின் மகள். பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த பெயர் சுகன்யா. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். பர்மியப் பேச்சில் வளர்ந்த பிள்ளை, தமிழ் புரியும், பேசும்போது மட்டும் நின்று நின்று வரும். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் இங்கே அவள் படிப்பு பாதியில் நின்றுபோனது. இப்போது அவள் வயசுப் பிள்ளைகள் பலரையும் போல, அமெரிக்காவின் பள்ளிப் படிப்புக்குச் சமம் என்று ஒப்புக்கொள்ளப்படுகிற ஒரு தேர்வுக்குப் படிக்கிறாள். அடுத்த வாரம் எழுத வேண்டும். தேறினால் பாங்காக்கில் கல்லூரி. தேறாவிட்டால் என்ன என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நான்தான் ராத்திரி பகலாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"அமெரிக்காக்காரன் பரீட்சை என்ன பெரிய பரீட்சை? நாலு வட்டத்துல ஒண்ண நெரப்பணும், அவ்ளோதான்," என்றார் பாய்.

"கட்டுரையும் இருக்கு பாய்," என்றாள் சூசூ. "ரெண்டு பேர் சண்ட போடுவாங்க. யார் பேச்சு... கெட்டி, நான் சொல்லணும்."

அவள் கொண்டுவந்திருந்த பயிற்சித் தாளில் அந்த இரண்டு பேரும் எதைப் பற்றிச் சண்டை போட்டார்கள் தெரியுமா? பரீட்சையைப் பற்றியே. அமெரிக்காவில் எல்லா மாநிலப் பிள்ளைகளும் இன்ன வகுப்பில் இன்னது தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரே அளவுகோல் வைத்து, ஒரே மாதிரித் தேர்வு நடத்தலாமா கூடாதா என்று. வைக்காவிட்டால் ஏழைப் பிள்ளை எங்கே பின்தங்குகிறாள் என்றே தெரியாது என்கிறார் ஒருவர். வைத்தால் வாத்தியார் தேர்வுக்கு வருவதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்றதைக் கைகழுவிவிடுவார் என்கிறார் மற்றவர். எனக்குச் சிரிப்பு வந்தது. வடகோடி மிச்சீனாவில் இருப்பவனுக்கும் தென்கோடி மெய்க்கில் இருப்பவளுக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வித்தாள் என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். எங்களிடம் யாரும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துக் கருத்துக் கேட்கவில்லை.

அப்போதுதான் கரண்ட் போனது. இயந்திரம் ஒரு தாளைப் பாதி கக்கியபடி நின்றது. பாய் அதை மெல்ல உருவிக் கொடுத்தார். சூசூ வாசித்தாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"அத்தை, இங்க ஒரு வரி போச்சு. மேல இருக்கறது, கீழ இருக்கறது... சேரல."

அந்தப் பிள்ளை சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு வேறொரு பழைய தாள் ஞாபகம் வந்துவிட்டது. பாய் நீட்டிய முக்காலியில் உட்கார்ந்தேன், உடனே எழுந்தும் விட்டேன்.

முப்பது வருஷத்துக்கும் முன்னால் போட்டோகாப்பி எங்கள் கைக்கு எட்டாது. கார்பன் தாள்தான். மூன்று வெள்ளைத் தாள், நடுவே இரண்டு கார்பன், அழுத்தி எழுதினால் கட்டைவிரல் வாரக்கணக்கில் நீலமாக இருக்கும். எனக்கு வயசு பத்தொன்பது. எங்கள் பள்ளியின் கடைசி வகுப்பான பத்தாவதை இரண்டாம் தடவையில் தட்டுத்தடுமாறித் தேறியிருந்தேன். அந்த மகத்தான தகுதிக்குக் கிடைத்த வேலை 'கைட்'. ரங்கூன்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். டியூஷன் சயா, அதாவது வாத்தியார், பாடம் நடத்துவார். அதை மாணவி மனப்பாடம் செய்கிறாளா என்று வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேட்பது கைட்டின் வேலை. கைட்டுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. மாணவி சுவரைப் பார்த்து ஒப்பிப்பாள், கைட்டின் விரல் வரிமேல் ஓடும், ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து. இந்த வேலைக்கு என்னைப்போல் பொறுமையில்லாத ஒருத்தியை எப்படி வைத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

என் மாணவிதான் கல்யாணி. என்னைவிட ஒரு வயசு இளையவள். மிங்கலா தாங்ஞுன்டில் ரயில்வே குடியிருப்பு. அவள் அம்மா முன்னால் என்னை 'சயாமா' என்பாள், அம்மா அடுப்படிக்குப் போனதும் 'அக்கா'. பத்தாவது ஆங்கிலத்தில் இரண்டு தடவை தவறியிருந்தாள். ஒரு பாடம் போனால் மொத்தமும் போன காலம் அது. "மூணாவது வாட்டியும் போச்சுன்னா தையலுக்குப் போயிரு," என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். அவளுக்கோ நர்ஸ் ஆக வேண்டும். பெரியாஸ்பத்திரிப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அந்த வருஷம் மழையைப் பற்றிய கட்டுரை கட்டாயம் வரும் என்றார் சயா. அவர் நோட்டிலிருந்து கார்பன் வைத்து நான்தான் நகல் எடுத்தேன். கல்யாணி மூன்று நாளில் நெட்டுருப் போட்டாள். நாலாம் நாள் ஒப்பித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, மழ பேஞ்சா வயல் நெறையுது. சரி. அதனால ஜனங்க வீட்ட விட்டு ஓடுறாங்கன்னு வருது. வயல் நெறஞ்சா எதுக்குக்கா ஓடணும்?"

எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "எதுக்கு ஓடுனா ஒனக்கென்ன? நோட்டுல இருக்கறத சொல்லு. சொந்தமா யோசிச்சா மார்க் போயிரும்," என்றேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிச் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. என் விரல் ஓடியதும் அதே கார்பன் நகலின் இன்னொரு தாளில்தானே.

பரீட்சையில் மழைதான் வந்தது. அன்று சாயங்காலம் சயா வீட்டில் அவர் நோட்டு திறந்து கிடந்தது. வயல் நிறைகிறது என்பதற்கும் ஜனங்கள் ஓடுகிறார்கள் என்பதற்கும் நடுவே ஒரு வரி இருந்தது: மழை அளவுக்கு மீறினால் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வருகிறது. நான் அதைத் தாண்டிவிட்டிருந்தேன். அவசரத்தில் கண் ஒரு வரி கீழே இறங்கியிருக்க வேண்டும்.

முடிவு வந்த காலையில் பள்ளிச் சுவரில் தொங்கிய பலகையில் அவள் எண் இல்லை. ஆங்கிலம்தான். ஒரு வரியாலா போனது? தெரியாது. எழுதியதில் வேறு என்னென்ன தப்போ. ஆனால் அவள் தையலுக்குப் போனாள், நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷமாகப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம், அவள் வீட்டில் வாரம் இரண்டு நாள் மொஹிங்கா சாப்பிடுகிறேன், வாயைத் திறக்கவில்லை.

"மீ லாபீ!" என்று தெருவெல்லாம் கத்தியது. கரண்ட் வந்துவிட்டது. பாய் அந்தத் தாளை மறுபடி எடுத்துக் கொடுத்தார். சூசூ நின்ற இடத்திலேயே அந்த வரி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கல்யாணி வீட்டு நாலு மாடியும் அவளுக்கு முன்னால் ஏறிவிட்டேன்.

கல்யாணி ஜன்னலோரம் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: நோட்டு, கார்பன், விட்டுப்போன வரி. அவள் காலை மிதியிலிருந்து எடுக்கவில்லை.

"தெரியும்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"பரீட்ச ஹால்லயே தெரியும். அந்த எடத்துல ஆறு ஒடைச்சுக்கிட்டு வந்தாத்தான் ஜனங்க ஓடுவாங்கன்னு எனக்கே தோணுச்சு. இங்கிலீஷ்லயும் வந்துச்சு. எழுதப் பேனாவ வெச்சேன்."

"எழுதலையா?"

"சொந்தமா யோசிச்சா மார்க் போயிரும்னு நீதானே சொன்னே. விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். சூசூ கதவருகே செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாருக்கு மார்க் போனது, ஏன் போனது, யார் சொன்னது என்று அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஜன்னலுக்கு வந்தேன். முன்பெல்லாம் பரீட்சை மாதங்களில் இந்த நேரத்துக்கு இந்தத் தெருவில் மாடிக்கு மாடி பிள்ளைகள் கத்திப் படிக்கிற சத்தம் கேட்கும். கீழே நடந்து போனால் ஒரே கட்டுரையின் ஆரம்பம் ஒரு வீட்டிலும் முடிவு அடுத்த வீட்டிலும் வரும். இப்போது கரண்ட் போனால் வருகிற ஜெனரேட்டர் சத்தம்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள், சூசூவும் கிளம்பிவிடுவாள். அந்தக் கத்தல் போனதற்கு நான் வருத்தப்படவில்லை. போனது வேறொன்று. சுவரைப் பார்த்து ஒப்பிக்கும்போது பாதியில் திரும்பி என்னை 'எதுக்குக்கா?' என்று கேட்டாளே ஒரு பெண், அவள் அந்த நாலாம் நாளுக்குப் பிறகு என்னிடம் எதையுமே எதுக்கு என்று கேட்டதில்லை.