பெரியம்மா வீட்டுக் கார்ப்பெட்

நனைந்த கார்ப்பெட்டுக்கு, மழையில் நின்று வந்த ஆட்டின் வாடை உண்டு. எங்கே அந்த வாடை வந்தாலும் எல்லோரும் மூக்கைப் பிடிப்பார்கள், எனக்கோ வயிற்றுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழும்பும்.

நாகர்கோவில் பக்கத்துக் கொட்டாரத்தில் எங்கள் வீடும், அம்மாவின் அக்காவான பெரியம்மாவின் வீடும் ஒரே முடுக்கில் எதிரெதிரே இருந்தன. பெரியப்பா குவைத்தில் இருந்தார். இரண்டாயிரத்து எட்டு வாக்கில், நான் ஆறாம் வகுப்பு படித்தபோது விடுமுறைக்கு வந்தவர், வெண்ணெய் நிறத்தில், ஓரமெல்லாம் நீலப் பூங்கொடி ஓடிய ஒரு கார்ப்பெட்டைக் கொண்டுவந்து முன்னறையில் விரித்துவிட்டுப் போனார். அவர் மகள் ஷீபா, என் வயதுக்காரி, அதில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் போனாலோ வாசலிலேயே பெரியம்மாவின் "ஏட்டி, கால கழுவீட்டு வா" கேட்கும். கழுவிவிட்டு வந்தாலும் ஓரத்தில்தான் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் பாய், எழுந்தால் காலெல்லாம் வரிவரியாக அச்சு விழுந்திருக்கும். ஷீபாவின் காலில் அப்படி எதுவும் விழாது என்று நினைத்து நினைத்தே எனக்கு வயிறு எரிந்தது. வேறு பெயர் சொல்லி மழுப்புவானேன், சுத்தமான பொறாமைதான்.

அந்த ஐப்பசியில், புதிதாகச் செய்து வந்த தேக்கு டீப்பாயைக் கார்ப்பெட்டின் நடுவில் போட்டுவிட்டு, பெரியம்மாவும் ஷீபாவும் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டார்கள். சன்னலைச் சாத்த மறந்திருந்தார்கள். திரும்பி வந்து, சாரலில் ஊறிக் கிடந்த கார்ப்பெட்டிலிருந்து டீப்பாயைத் தூக்கினால், அதன் கால்கள் நின்ற இடமெல்லாம் தேயிலைச் சாயம்போல் கறை. கிறிஸ்மசுக்குப் பெரியப்பா வரப்போகிறார். பெரியம்மா தலையில் கைவைத்து அழுதாள், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள்: "இது போகலன்னா நீயே எடுத்துட்டுப் போட்டி. எனக்க கண்ணு முன்னால கெடக்காண்டாம். அவரு வரும்ப வேற கொண்டுவரச் சொல்லுதேன்."

அந்த ஆட்டு வாடைக்கு நடுவில் என் காதில் தேன் பாய்ந்தது. இயேசப்பா, கறை போகக் கூடாது என்று அங்கேயே நின்று ஜெபித்தேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் கறை என்றால் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். பெரியம்மா டீப்பாய் செய்த ஆசாரிக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தாள். "அது அரக்கு பாலிஷாக்கும், ஈரத்துல எளகி எறங்கியிருக்கும்" என்று அவர் சொல்லும்போதே அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் "அரக்கு" என்றால் சக்கை அரக்கு, பலாப்பழம் வெட்டும்போது கையில் ஒட்டிக்கொண்டு விடாத அந்தப் பால். அதற்குத் தேங்காயெண்ணெயை மிஞ்சிய மருந்து கிடையாது. அம்மா நிதானமாக ஒவ்வொரு கறையிலும் எண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். காசளவு இருந்த கறை தோசையளவு பரந்தது.

என் ஜெபம் கேட்கப்பட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் அதை எங்கே விரிப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். ஷீபா வருவாள், நான் நடுவில் படுத்துக்கொண்டு, "கால கழுவீட்டு வாட்டி" என்பேன்.

சாயங்காலம் ஆசாரி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "எக்கா, நான் சொன்னது பாலிஷுக்க அரக்கு. நீங்க சக்க அரக்குக்குள்ள வைத்தியத்தப் பாத்திருக்கிய!" பாலிஷ் வேலையில் மிஞ்சிய ஸ்பிரிட்டைக் கொடுத்துவிட்டு, போகுமா என்பதற்குத் தான் உறுதி சொல்ல முடியாது என்று கிளம்பினார். அத்தோடு விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை. சோப்புத் தண்ணீரால் முதலில் எண்ணெயை எடுத்தாள். பிறகு பழைய வேட்டித் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே, தேய்க்காமல் ஒத்தி ஒத்தி எடுத்தாள். ஷீபா பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மாற்றிக் கொடுத்தாள். "போவுது சித்தி, போவுது!" என்று அவள் கத்த, "ஆமா மக்கா" என்று அம்மா சிரித்தாள். கார்ப்பெட்தான் அவளுடையது என்றால் இப்போது என் அம்மாவும் அவள் பக்கம் போய்விட்டாளே என்று நான் வாசல்படியில் நின்று கருகினேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் கறை போய்விட்டது. பெரியம்மா அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு குவைத் பால்பொடி டின்னைக் கையில் திணித்தாள். முடுக்கைக் கடக்கும்போது எனக்கு அழுகை முட்டியது.

"எதுக்கும்மா இப்பிடிக் கெடந்து பாடுபட்ட? கறை போகலன்னா நமக்குத் தந்திருப்பாவல்லா?"

அம்மா நின்றாள். அவள் கையெல்லாம் ஸ்பிரிட் நாறியது.

"கறை பட்டாத்தான் நமக்கு வருமாட்டி? அப்பிடி ஒண்ணு எனக்கு வேண்டாம்."

சொன்ன வேகத்தில் பால்பொடி டின்னை என்னிடம் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அம்மாவும் கால் கழுவிவிட்டு, கார்ப்பெட்டின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சில வருஷம் கழித்துப் பெரியப்பா குவைத்தை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டார். முன்னறைக்கு டைல்ஸ் போட்டபோது அந்தக் கார்ப்பெட்டைத் துண்டுதுண்டாக வெட்டி மிதியடியாக்கினார்கள், இப்போது அதுவும் இல்லை. ஷீபா சென்னையில் இருக்கிறாள். அந்த முடுக்கில் யாரும் யாரையும் கால் கழுவச் சொல்வதில்லை.

போன மாதம் நாகர்கோவிலில் என் வீட்டுக்கு ஒரு கார்ப்பெட் வாங்கினேன். பார்க்க வந்த அம்மா, நான் சொல்லாமலே வெளிக்குழாயில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். உட்காரவில்லை. ஒரு மூலையில் குனிந்து, கார்ப்பெட்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து அழுத்திப் பார்த்தாள். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை, ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டாள்.

"மக்கா, அக்காவுக்க கார்ப்பெட்டவிட இது கனம் உண்டும், இல்லியா?"

"உண்டும்மா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அம்மா நடுவில் போய் உட்கார்ந்தாள்.