ஜெயவேல் மடக்கிய தகடு

ஜெயவேலை வேலையை விட்டுப் போகச் சொன்னவன் நான்தான். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்பது ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை மாதம். அவர் தேவிகாபுரத்துக்காரர். ஒன்பது வருஷமாக என் பட்டறையில் தகடு மடக்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்து பேசினால் அதிசயம்.

ரைஸ்மில் அபிதகுசாம்பாள் அம்மாள் நெல் ஏற்றும் எலிவேட்டருக்குத் தகட்டுக் கூடு கேட்டிருந்தார். மூலைகள் நேராக இருந்தால்தான் போல்ட்டு போட முடியும். ஜெயவேல் மடக்கியதெல்லாம் அச்சுக்குள் நேராக இருந்தது, வெளியே எடுத்ததும் விரிந்துகொண்டது.

அம்மாள் வந்து பார்த்தார். "பெட்டி கேட்டா பூவாட்டம் விரிஞ்சிகினு கீது! அங்க களத்துல நெல்லு நனையுது, கந்தசாமி!"

எனக்கு மானம் போயிற்று. "நாளையிலேர்ந்து நீ வரவே வாணாம்" என்று அம்மாள் எதிரிலேயே ஜெயவேலிடம் கத்திவிட்டேன். என்னைவிட மூத்தவர் அவர்.

அம்மாள் போன பிறகு ஜெயவேல், தகடு மடக்கும் பிரஸ்ஸின் மேல்பக்கத்து அச்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "மொனையைத் தடவிப் பாருங்க, மொதலாளி."

தடவினேன். விரல் வழுக்கியது. அட பாவி! போன மாதம் கனத்த தகடு விரிசல் விட்டது என்று அந்த முனையைக் கிரைண்டரில் தேய்த்து உருண்டையாக்கியதே நான்தான்.

"மொனை உருண்டையா இருந்தா தகடு சும்மா வளையுது, மடிப்பு புடிக்கறதில்ல. அமுக்கறத வுட்டதும் எழுந்துக்குது."

கூரான பழைய அச்சை மாட்டினார். கீழே பள்ளம் குறுகலான அச்சைப் போட்டார். அப்படியும் தகடு கொஞ்சம் எழும் என்று, நேர்மூலையைத் தாண்டி ஒரு நூலளவு கூடுதலாக மடக்கினார். எடுத்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். மயிரிழை இடைவெளி இல்லை. அப்பாடா! விரிந்து கிடந்த மற்றவற்றையும் அப்படியே மறுபடி அமுக்கி முடித்தோம்.

"இத அந்தம்மா எதிர்லயே சொல்லியிருக்கலாமே? வேலையே போச்சேன்னு நெனைக்கலயா?"

"மொதலாளி செஞ்ச தப்புன்னு சொன்னா, நாளைக்கு யாருங்க நம்ம பட்டறைக்கு வருவாங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தகடுகளை ஏற்றி, அவரையும் கூட்டிக்கொண்டு நேராக மில்லுக்குப் போனேன். கூலியாட்கள் எல்லாரும் பார்க்க, "தப்பு என்னுதும்மா. ஜெயவேல் அண்ணன்தான் சரி பண்ணாரு" என்றேன்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஜல்தி மாட்டுங்க!" என்றார் அம்மாள். போல்ட்டுகள் கை விரலாலேயே உள்ளே இறங்கின.

நாளைக்கு வாங்க என்று ஜெயவேலிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தேவிகாபுரம் பஸ் ஏறிவிட்டார். மறுநாள் காலையில் பட்டறை வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்கு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.