எண்பதாம் பக்கத்து அக்கா

நாற்பதாம் பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டதும் நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். மழை புத்தகத்துக்குள்தான். தெருவில் மண்டையைப் பிளக்கும் வெயில். கதாநாயகனும் கதாநாயகியும் ஒரு பாழடைந்த மண்டபத்தில் ஒதுங்குகிறார்கள்; அவன் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போடுகிறான். போன வாரம் எடுத்து வந்த நாவலிலும் இதே மழை, இதே கோட்டு. அதற்கு முந்தைய வாரம் கோட்டுக்குப் பதிலாகச் சால்வை. மற்றபடி மண்டபம்கூட மாறவில்லை.

வந்த வழியே திரும்பி வாடகை நூலகத்துக்கு ஓடினேன். அதை நடத்தியவர் ஒரு பாய். புத்தகம் பைண்டிங் செய்வதுதான் அவர் குடும்பத் தொழில். நாவல் கடைக்கு வந்த அன்றே படம் போட்ட அட்டையைக் கிழித்துவிட்டு, காக்கி நிறத்தில் கெட்டி அட்டை போட்டுத் தைத்துவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் புத்தகமும் ஒன்றுதான்.

"இது போன வாரம் எடுத்துனு போனதுதான் பாய்."

அவர் முதல் பக்கத்தைத் திறந்து பெயரைப் பார்த்தார். "இல்ல பாப்பா, இது வேற."

"அதே மழை பெய்யுது."

"எல்லாத்துலயும்தான் பெய்யும்," என்றார் பாய், பசைக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நம்ம ஊர்லதான் பெய்ய மாட்டேங்குது."

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாவல்கள் எனக்காக அல்ல, சித்திக்காக. அம்மாவின் தங்கை. டைப்ரைட்டிங் படிப்பதற்காக வந்தவாசி பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருஷமாகத் தங்கியிருந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. அம்மா வெளியாட்களிடம் இருபத்துமூன்று என்பாள். புத்தகம் எடுத்து வருவது என் வேலை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு பக்கம் படிக்க முடியுமோ அவ்வளவையும் படித்துவிடுவது நானாகச் சேர்த்துக்கொண்ட வேலை.

அன்றைக்கு என் ஜியாமெட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு சூத்திரம் எழுத ஆரம்பித்தேன். பத்துப் பக்கத்துக்குள் இருவரும் மோதிக்கொள்ள வேண்டும். ரயிலிலோ, நூலகத்திலோ, கல்லூரி மாடிப்படியிலோ. அவன் முறைப்பான், அவள் "திமிர் பிடித்தவன்" என்று நினைப்பாள். நாற்பதில் மழை. அதற்குள் இன்னொருவன் வருவான்: சிரித்த முகம், இனிக்க இனிக்கப் பேச்சு. அவன் அயோக்கியன் என்று அறுபதில் தெரியும், இல்லாவிட்டால் வியாதி வந்து செத்துப்போவான். எண்பதாம் பக்கத்தில் முறைத்தவனைக் கதாநாயகி வேறொரு பெண்ணோடு பார்த்துவிடுவாள். ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அழுதுகொண்டே ஓடுவாள். நூற்றுப்பத்தில்தான் அந்தப் பெண் அவனுடைய அக்கா என்று தெரியவரும். சில சமயம் தங்கை. நூற்றிருபதில் மாலை மாற்றிக்கொள்வார்கள், புத்தகம் முடிந்து பாயின் கெட்டி அட்டை கையில் தட்டுப்படும்.

பதினோரு நாவல்களில் சோதித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது அந்த எண்பதாம் பக்கம்தான். "அது யாருங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் முப்பது பக்கக் கண்ணீர் மிச்சம். ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்கள்?

சூத்திரம் கைக்கு வந்த பிறகு எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். டைப் கிளாஸில் ரிப்பனைப் பாழாக்கிவிட்டாள் என்று சித்தியை மாஸ்டர் திட்டிவிட்டார். மோதல்! பத்து நாள் அவரைப் பின்தொடர்ந்தேன். அவருக்கு நாலு பிள்ளைகள் என்றும், எல்லாரையுமே அப்படித்தான் திட்டுவார் என்றும் தெரிந்தபோது ரொம்ப ஏமாற்றமாகப் போய்விட்டது.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். போளூர் பக்கத்தில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். தரகர் முதல் நாளே அம்மாவுக்கு இந்த இடத்தை எப்படி விற்பது என்று கண்டுபிடித்துவிட்டார்.

"நாத்தனார்னு ஒருத்தி கிடையாதும்மா அந்த வீட்ல. மூணும் ஆம்பளப் பசங்க. இவருதான் பெரியவரு."

அப்பாவுக்கு நாலு அக்கா. அந்த நாலு பேரிடமும் அம்மா பதினாலு வருஷம் பட்டது தெருவுக்கே தெரியும். தரகருக்கு அன்று இரண்டாவது டம்ளர் காப்பி கிடைத்தது.

மாப்பிள்ளை சிரித்தார். கேசரி நன்றாக இருக்கிறது என்றார். என்னைப் பார்த்து, எந்த கிளாஸ் படிக்கிறாய் என்று கேட்டுவிட்டு அதற்கும் சிரித்தார். முறைப்பு இல்லை, மோதல் இல்லை. சித்தி தட்டை நீட்டியபோது கை தவறிக்கூட எதையும் கொட்டவில்லை. மறுநாள் சித்தி தலை பின்னிவிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"அவரு சிரிச்சாரு சித்தி."

"சிரிச்சா தப்பா?"

"எட்டு புக்குல தப்பு. மீதி மூணுல சிரிச்சவனுக்கு வியாதி வந்து செத்துட்டான்."

"அடி இவளே!" சித்தி பின்னலைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். "மொறைக்கிறவனா பாத்துக் கட்டிக்கிட்டா நீ வந்து குடித்தனம் பண்ணுவியா?"

ஆனால் அவள் சிரிக்கவும் செய்தாள். அந்த மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று அந்தச் சிரிப்பை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தை பிறந்ததும் இரண்டாவது வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று.

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் ஊரில் சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை நடக்கும். அதற்கென்றே ஒரு தெரு இருக்கிறது, திருவூடல் தெரு. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி மறுநாள் தனியாக மலையைச் சுற்றி வந்து, அதன் பிறகுதான் சமாதானம். சண்டைக்குக் காரணம் மூன்றாவதாக வந்த ஒரு முனிவர். மோதல், மூன்றாம் ஆள், பிரிவு, சேர்க்கை. சாமியே சூத்திரத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

சாமி மலை சுற்றும் அன்று எதிர்வீட்டு அத்தை சாமிக்குப் பின்னால் நடக்கப் புறப்பட்டார். நானும் வருவேன் என்று குதித்தேன். ஜுரம் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது என்று அம்மா மறுத்தாள். சித்திதான், "போயிட்டு வரட்டும்க்கா," என்று பரிந்து பேசினாள். வாசல் வரைக்கும் வந்து, "தெரிஞ்சவங்க யாரையாச்சும் பாத்தா வந்து சொல்லு," என்றாள். அந்த வார்த்தையை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால், எதற்காக அப்படிச் சொன்னாள் என்று மனசு அரிக்கிறது.

அடி அண்ணாமலையில் சாமி நின்றார். எதிர்வீட்டு அத்தை முண்டியடித்துக்கொண்டு கற்பூரம் காட்டப் போனார். நான் கடைப் பக்கம் ஒதுங்கினேன். பனங்கிழங்குக் கட்டுகளுக்கு எதிரில் மாப்பிள்ளை நின்றிருந்தார். அவர் தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண். குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. அந்தப் பெண் மாப்பிள்ளையின் சட்டைப் பையில் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்து, துடைத்துவிட்டு, மடித்துத் திரும்ப வைத்தாள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

எண்பதாம் பக்கம்! கதாநாயகிகள் எல்லாரும் ஓடிப்போகும் இடத்தில் நான் நின்றிருந்தேன். ஓடக்கூடாது என்று எனக்குத் தெரியும். நேரே போய் நின்றேன்.

"வணக்கங்க."

அவருக்கு என்னை அடையாளம் தெரிய இரண்டு விநாடி பிடித்தது. முகம் மாறியதா என்று கேட்டால் சத்தியமாகச் சொல்ல முடியாது. "நீ... அவங்க வீட்டுப் பாப்பா இல்ல?"

"ஆமாங்க. இவங்க யாருங்க?"

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"எங்க அக்கா," என்றார் அவர். பிறகு சிரித்தார். ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கி என் கையில் திணித்தார். "வீட்ல குடு."

எனக்கு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அக்காதான்! சிரித்தவனும் நல்லவனாக இருக்கலாம், சூத்திரத்தில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும். முப்பது பக்கத்தை ஒரே கேள்வியில் தாண்டிவிட்டேன். மிச்சத் தூரம் முழுக்க எதிர்வீட்டு அத்தைக்கு முன்னால் முன்னால் நடந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன். "மாப்பிள்ளையப் பாத்தேன்! அவங்க அக்காவும் வந்திருந்தாங்க. கொழந்தகூட இருந்துச்சு!"

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "யாரு?"

"அவரோட அக்கா. நானே கேட்டேன், அவரே சொன்னாரு."

"மூணும் ஆம்பளப் பசங்கன்னாரே அந்த மனுஷன்," என்றாள் அம்மா. என்னிடம் இல்லை, அப்பாவிடம். அப்பா செய்தித்தாளை மடித்தார். எதிர்வீட்டு அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். நான் கொண்டுவந்த நல்ல செய்திக்கு யாரும் சந்தோஷப்படாதது எனக்குப் புரியவில்லை. நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள் என்பதில்தான் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். "அவங்க நல்லவங்கம்மா, மூக்கெல்லாம் தொடச்சு விட்டாங்க, அவரு பையிலேருந்தே கைக்குட்டை எடுத்து," என்று ஆதரவாக எடுத்துச் சொன்னேன். அது இன்னும் மோசமாகிவிட்டது.

"நான் போய் நேர்ல கேட்டுட்டு வந்துடறேன்," என்றார் அப்பா.

"இன்னான்னு கேப்பீங்க? உனக்கு ஏற்கெனவே பொண்டாட்டி கீறாளான்னா? இல்லன்னு சொல்லிட்டா, சந்தேகப்பட்ட குடும்பம்னு பேரு. ஆமான்னு சொல்லிட்டா, இவள அடுத்தவன் வந்து பாப்பானா?"

சித்தி மூலையில் உட்கார்ந்து நிச்சயதார்த்தப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு நடந்த நேரமெல்லாம் ஊசி நிற்கவில்லை. கடைசித் தையல் போட்டு, முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

"அந்தம்மா என்ன பொடவ கட்டினு இருந்தாங்க?" என்றாள்.

"பச்ச. சாதாப் பொடவதான் சித்தி."

தலையை ஆட்டிக்கொண்டாள். புடவையை நாலாக மடித்து அம்மாவின் பெட்டியில் வைத்துவிட்டு, பனங்கிழங்கை வேகவைக்கப் போனாள்.

ஜாதகம் சரிவரவில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். முதலில் எடுத்துச் சென்றதும் அதே ஜாதகம்தான், அப்போது ஒன்பது பொருத்தம் இருந்தது. தரகர் நேரில் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "பெரியம்மா மகளா இருக்கலாம், பெரியப்பா மகளா இருக்கலாம், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?" அவர் பேசியது எனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மா இந்த முறை காப்பி கொடுக்கவில்லை. போளூரிலிருந்து அவர்களும் ஏன் என்று கேட்டு யாரையும் அனுப்பவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. பொய் சொன்னவர் கேட்க மாட்டார். ரோஷக்காரரும் கேட்க மாட்டார்.

இதெல்லாம் நடந்து எட்டு வருஷம் ஆகிறது. நான் காலேஜில் கடைசி வருஷக் கணக்கு படிக்கிறேன். பாடத்தை விட்டுவிட்டு ஒரு நாவல் எழுதுகிறேன். சூத்திரம் கையில் இருக்கிறதே, மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று குதித்து ஆரம்பித்தேன். மோதல் வந்தது, மழை வந்தது. எண்பதாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. என் கதாநாயகி கூட்டத்தில் அவனைப் பார்க்கிறாள். ஓடவும் மறுக்கிறாள், கேட்கவும் மறுக்கிறாள். அவள் மனசில் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

சித்தி டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, வேலூரில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறாள். தனியாக ஒரு அறை. அதன் பிறகு வந்த இடங்களையெல்லாம் ஏதோ சொல்லித் தட்டிவிட்டாள். அவள் வாழ்க்கையை நான் உடைத்தேனா, இல்லை அவளே என்னைக் கருவியாக வைத்து உடைத்துக்கொண்டாளா? இரண்டில் ஒன்று. அந்த வாத்தியாரைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லாரும் பேசினார்கள்: அவர் யோக்கியதை, அவர் ஜாதகம், அவர் அக்கா. முன்பின் பழகாத ஆளிடம் நடுத்தெருவில் நின்று பட்டென்று கேள்வி கேட்ட நான், தினமும் எனக்குத் தலை பின்னிவிட்டவளிடம் "உனக்கு அவரப் புடிச்சிருந்துதா சித்தி?" என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது என்றே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வேலூர் போகிறேன். அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். அவள் பதில் சொல்வதற்கு முன்னால், இதைக் கதையில் எழுத மாட்டியே என்று கேட்பாள், எனக்கு அவளைத் தெரியும். அதற்கு என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.