முதல் டோக்கன்

சென்னைக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் திருப்பதிக்கு வந்த பிறகு, நானாக எழுதிய முதல் மென்பொருள் என் தங்கையின் டிபன் கடைக்குத்தான். கடை சித்தூரில், காணிப்பாக்கம் போகும் பஸ்கள் நிற்கும் இடத்தில். அதுவரை புக்கில் சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இனி கல்லாவில் இருக்கும் டேப்லெட்டைத் தட்டினால் டோக்கன் எண் வரும். சமையலறைத் திரையில் ஆர்டர் தெரியும். சொந்தத் தங்கையே வேண்டாமென்று தள்ளிவிட்டால் வேறு எவன் என்னை நம்புவான்? அந்தப் பயம் எனக்கு நிறையவே இருந்தது.

இதற்கென்று தனியாகக் கணினி எதுவும் ஓடிக்கொண்டிருக்காது. ஆர்டர் வந்தால் எங்கோ கிளவுடில் என் நிரல் விழிக்கும், வேலையை முடிக்கும், கூப்பிட ஆளில்லை என்றால் தூங்கிவிடும். நல்ல வேலைக்காரன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். ஒரே கோளாறு, காலையில் முதல் ஆர்டருக்கு அது எழுந்து வரப் பத்து நொடி ஆகும். அப்புறம் நாள் முழுக்கச் சுறுசுறுப்புதான்.

பத்து நொடிதானே என்று நான் நினைத்தேன். கல்லாவில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது போணி. ஒருநாள் திரை சுற்றிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஹாரன் அடிக்க, முதல் ஆள் சாப்பிடாமலே ஓடிவிட்டார்.

"போணியே பூட்ச்சுண்ணா," என்றாள் போனில். "சவிதி வரைக்கும் பாக்கறேன். அப்பறம் பழைய சீட்டு புக்குதான். டிராயர்லயே வெச்சிக்கினு இருக்கேன்."

விநாயகர் சதுர்த்தி அங்கே விநாயக சவிதி; அன்றைக்குக் கூட்டம் தாங்காது. அலாரம் மாதிரி ஒன்றை வைத்து நிரலை முன்கூட்டியே எழுப்பலாம்தான். ஆனால் அவள் கடை திறக்கும் நேரம் அவளுக்கே தெரியாது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு நிரலை இளைக்க வைத்தேன். பத்து நொடி ஏழானது. அந்த ஏழோடு சவிதியன்று காலை சித்தூர் போய் அசடு வழிய நின்றேன்.

ஷட்டரைத் தூக்கும் முன், வழக்கம்போல முதல் இட்லியைக் கல்லாவுக்கு மேலிருந்த பிள்ளையார் படத்துக்கு வைத்தாள். வைத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மொத ஆளு வந்து எழுப்பணும், அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

டேப்லெட்டில் ஒரு இட்லி என்று தட்டினாள். திரை சுற்றியது. "சுத்தட்டும். அவருக்கு இன்னா, பஸ்ஸா புடிக்கணும்?"

ஒன்றாம் எண் வந்தது. ஷட்டரைத் தூக்கினாள். முதலில் வந்தவர் தோசை கேட்டார். தட்டிய கையை எடுப்பதற்குள் இரண்டாம் எண் வந்துவிட்டது. நாம்தானே முதலில் வந்தோம் என்று அவருக்குச் சந்தேகம். "ஒகட்டி எவரிதம்மா?" என்று, ஒன்றாம் எண் யாருடையது எனத் தெலுங்கில் கேட்டார். தங்கை படத்தைக் காட்டினாள். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்காரப் போனார். எனக்கு வெட்கம் கொஞ்சம், சந்தோஷம் நிறைய.

மத்தியானம் வரை டோக்கன் ஒன்றுகூட நிற்கவில்லை. கூட்டம் ஓய்ந்ததும், "துன்னுண்ணா," என்று இரண்டு வடையை நீட்டினாள். ஒன்றைத் தின்று முடித்த பிறகுதான் அடியில் இருந்ததைப் பார்த்தேன். பழைய சீட்டு புக்கிலிருந்து கிழித்த அட்டை.